பாசி தின்ன ஒரு மீன் வேண்டும்

கேள்வி: அக்கா, சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் இரண்டடிக் கடல்தொட்டி (கடல்நீர் மீன்தொட்டி) வைத்திருக்கிறேன். 60 லிட்டர். ஆரம்பித்து ஐந்து மாதமாகிறது. இரண்டு கோமாளி மீன், கொஞ்சம் சோவாந்திட் (பொத்தான் மாதிரி இருக்கும் பவள இனம்), இரண்டு காளான் பவளம், ஒரு ஹேமர் பவளம் இருக்கின்றன. கண்ணாடியில் பச்சைப் படலம் படிகிறது. கல்லில் பாசி முடிமுடியாக வளர்ந்து சோவாந்திட்டை மூடப் பார்க்கிறது. ஒரு கடையில் லான்மோவர் பிளென்னி என்ற மீனை வாங்கச் சொன்னார்கள். இன்னொரு கடையில் சின்ன மஞ்சள் டாங் மீனைக் காட்டி, "பெரிதானதும் திருப்பிக் கொடுத்துவிடலாம்" என்றார்கள். எதை வாங்கட்டும்? விளக்கு காலை பத்து முதல் இரவு பத்து வரை எரிகிறது. தண்ணீர் குறைந்தால் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறியபின் ஊற்றுகிறேன். மீனுக்குத் தினம் ஒரு கட்டி உறைந்த இறால் போடுகிறேன்.

பதில்: இரண்டுமே வேண்டாம், தம்பி.

உங்கள் பயம் நியாயமானது. பாசி மேய ஆளில்லாவிட்டால் பவளம் என்னவாகும் என்பது 1983, 84-ல் கரீபியன் கடலில் தெரிந்தது. அங்கே பாசி மேய்கிற, நீண்ட முள் கொண்ட கறுப்புக் கடல் முள்ளெலிகள் நோயில் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மேயும் மீன்களை ஜமைக்காக்காரர்கள் ஏற்கெனவே பிடித்துத் தீர்த்திருந்தார்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்குள் அங்கே பாறைகளைப் பாசி மூடிவிட்டது. மேய்கிறவை பவளத்துக்குக் காவல், அதில் சந்தேகமில்லை. ஆனால் கடலில் ஒரு மீன் காலையிலிருந்து சாயங்காலம் வரை மேய்ந்தாலும் மறுநாளுக்குப் பாசி மிச்சமிருக்கும். உங்கள் தொட்டியில் இருப்பது நாலைந்து கல்.

மஞ்சள் டாங் 20 சென்டிமீட்டர் வளரும். நாள் முழுக்க நீந்திக்கொண்டே மேய்கிற மீன். உங்கள் தொட்டியின் நீளமே 60 சென்டிமீட்டர்தான். 400 லிட்டருக்குக் குறைந்த தொட்டியில் அதை விட நான் சம்மதிக்க மாட்டேன். இடம் போதாமல் மிரண்ட டாங்குக்கு வெள்ளைப்புள்ளி நோய் சீக்கிரம் வந்துவிடும். அதற்குத் தாமிர மருந்து போட்டால் நத்தையும் பவளமும் சாகும். திருப்பிக் கொடுக்கலாம் என்கிறார்களே, கல்லிடுக்கில் ஒளிகிற டாங்கைப் பிடிக்கக் கல்லையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும். இன்னொரு கடைக்காரர் நரிமுக மீனைக் காட்டினாலும் இதே பதில்தான். அது எங்கள் பாம்பன் பக்கத்தில் ஓரா என்கிறார்களே, அந்த ஓராவின் ஜாதி. முதுகு முள்ளில் விஷம் உண்டு. வலையிலிருந்து ஓராவை எடுக்கும்போது என் சித்தப்பா கையில் குத்தி, ராத்திரி முழுக்க அவர் வெந்நீரில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதுவும் 20 சென்டிமீட்டரைத் தாண்டும்.

லான்மோவர் பிளென்னியைப் பற்றி அனுபவத்திலிருந்து சொல்கிறேன். என் முதல் தொட்டி 75 லிட்டர். அப்போதும் இதே முடிப்பாசி. "இதற்குத் தீனியே போட வேண்டாம், பாசி போதும்" என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் கல்லெல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். கல்மேல் உட்கார்ந்து ஒரு கண்ணை முன்னாலும் ஒரு கண்ணைப் பின்னாலும் உருட்டிப் பார்க்கும். அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மூன்றாவது மாதம் வயிறு உள்ளே ஒட்டியிருந்ததைக் கவனித்தேன். குருணைத் தீனி போட்டேன், தொடவில்லை. நோரி என்ற கடற்பாசித் தாளைக் கல்லில் கட்டி வைத்தேன், வந்து முகர்ந்துவிட்டுப் போனது. ஒரு வாரம் கழித்துக் காலையில் பம்புக்கு அடியில் கிடந்தது. நோயில்லை, காயமில்லை. பாசி தீர்ந்ததும் பட்டினியில் செத்திருக்கிறது, நான் தினமும் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலேயே. அந்த மீன் 14 சென்டிமீட்டர் வரை வளரும். 75 லிட்டர் அதற்கு எந்த மூலைக்கு?

அதற்குப் பிறகு நான் எடுத்த முடிவு இது: பாசி தின்ன என்று எந்த மீனையும் வாங்குவதில்லை. ஒரு மீனைப் பிடித்திருந்து, பாசியே இல்லாத நாளிலும் அதற்குச் சோறு போட முடியுமென்றால் மட்டும் வாங்குவேன்.

அந்தக் கணக்கில் உங்கள் தொட்டிக்கு ஒத்துவருவது டெயில்ஸ்பாட் பிளென்னி. ஆறு சென்டிமீட்டர்தான் வரும். வால் தொடங்குமிடத்தில் கறுப்புப் பொட்டு இருக்கும். கல்லில் ஒரு பொந்து பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் வெளியே நீட்டி உலகத்தைப் பார்க்கும். சீப்புப் போன்ற பல்லால் கண்ணாடியில் இருக்கிற மெல்லிய படலத்தைச் சுரண்டும். காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்கக் குட்டிக் குட்டி உதட்டுத் தடம் தெரியும். ஒன்றுதான் வாங்க வேண்டும், இரண்டு விட்டால் சண்டை. தொட்டிக்கு மேல் வலைமூடி கட்டாயம், பிளென்னி துள்ளி வெளியே விழும். கடையில் உங்கள் கண்முன் குருணைத் தீனி போடச் சொல்லுங்கள். தின்றால் வாங்குங்கள். பக்கவாட்டில் பார்த்து வயிறு உருண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வீட்டுக்கு வந்தபின் வாரம் இரண்டு மூன்று தடவை சுஷி சுற்றுகிற நோரித் தாளில் சின்னத் துண்டு கொடுங்கள். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் சேராத தாளாக இருக்க வேண்டும்.

ஆனால் நீண்டு வளர்ந்த முடிப்பாசியை டெயில்ஸ்பாட் தொடாது. அதற்கு உங்கள் விரலும் ஒரு பழைய பல்துலக்கியும்தான். மீன் தின்ற பாசி எங்கே போகும்? அதே தண்ணீரில் எச்சமாக விழுந்து, நைட்ரேட்டும் பாஸ்பேட்டுமாகி, மறுபடி பாசிக்கே உரமாகும். நீங்கள் கையால் பிடுங்கி வெளியே போட்டால் அந்த உரமும் சேர்ந்து தொட்டியை விட்டுப் போகிறது. வாராவாரம் தண்ணீர் மாற்றும் நாளில் கல்லை ஒரு வாளித் தொட்டித்தண்ணீரில் வைத்துத் தேய்த்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

இனி பாசிக்கு நீங்களே போடுகிற தீனியைப் பார்ப்போம். சிங்கப்பூர் வெக்கைக்குத் தொட்டிமேல் விசிறி ஓடும் என்று நினைக்கிறேன். அப்படியானால் தினமும் ஒரு லிட்டராவது ஆவியாகும். மாதம் 30 லிட்டர், ஐந்து மாதத்தில் 150 லிட்டர். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர், அதில் கரைந்திருப்பதெல்லாம் தொட்டியிலேயே தங்கிவிடும். இரண்டரைத் தொட்டி குழாய்த் தண்ணீரில் இருந்த சரக்கு இப்போது உங்கள் 60 லிட்டருக்குள் இருக்கிறது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், கரைந்த உப்பும் தாதுவும் போகாது. இங்கே குழாய்த் தண்ணீரில் போடுகிற குளோரமைனும் குளோரின் மாதிரி லேசில் பறந்துவிடாது. கரைந்திருப்பதையும் நீக்குகிற ஆர்ஓ-டிஐ வடிகட்டி வாங்குங்கள், வடிகட்டிய தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் அளவி சுழியம் காட்ட வேண்டும். வீட்டில் வைக்க முடியாதென்றால் கடையில் கேன் தண்ணீர் வாங்குங்கள். மீனுக்கு என்று ஒதுக்கியிருக்கும் பணத்தை முதலில் இதற்குச் செலவழியுங்கள்.

விளக்கை எட்டு மணி நேரமாகக் குறையுங்கள். இரண்டு கோமாளிக்குத் தினம் ஒரு கட்டி மிக அதிகம், கால் கட்டி தாராளம். நைட்ரேட் ஐந்து முதல் பத்து பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருக்கட்டும். ஆத்திரத்தில் இரண்டையும் சுழியத்துக்கு இறக்கிவிடாதீர்கள். அப்போது டைனோபிளாஜெல்லேட் என்று பழுப்புச் சளி ஒன்று வரும், அதற்கு முடிப்பாசியே தேவலாம்.

அப்புறம் பாசி மேய நத்தை. நாலு டிரோக்கஸ், மூன்று செரித் போதும். கவிழ்ந்துவிட்டால் டிரோக்கஸ் தானே நிமிர்ந்துகொள்ளும். ஆஸ்ட்ரியா என்ற நத்தைக்கு அது முடியாது, அப்படியே கிடந்து சாகும். டிரோக்கஸின் பெரிய உறவுக்கார நத்தையின் ஓட்டில்தான் முன்பெல்லாம் சட்டைப் பொத்தான் அறுத்தார்கள். அந்த முத்துப்பளபளப்பை இதன் ஓட்டு தேயும்போது நீங்களும் பார்க்கலாம்.

இதையெல்லாம் ஆறு வாரம் செய்யுங்கள். பிறகும் டெயில்ஸ்பாட் மேல் ஆசை இருந்தால் வாங்குங்கள்.

கேள்வி: கிள்ளானிலிருந்து எழுதுகிறேன். மணலில் சிவப்பாக, வழுவழுவென்று போர்வை மாதிரி படிகிறது. மேலே குமிழ் குமிழாக நிற்கிறது. எந்த மீன் இதைத் தின்னும்?

பதில்: எந்த மீனும் தின்னாது. அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர். காற்றுக் குழாய் அளவுள்ள மெல்லிய குழாயால் போர்வையை மெதுவாக உறிஞ்சி எடுங்கள், தண்ணீர் மாற்றும் வேலையும் அதோடு முடிந்துவிடும். நீரோட்டம் படாத மூலையில்தான் இது முதலில் வரும், பம்பை அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள். தீனியைக் குறையுங்கள். எரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் போடச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள், படிவதற்குக் காரணமானது அப்படியே இருந்தால் ஒரு மாதத்தில் திரும்ப வரும்.

கேள்வி: தூத்துக்குடியில் இருக்கிறேன் அக்கா. கடல் பக்கத்திலேயே இருப்பதால் பவளமும் கல்லும் இங்கேயே எடுத்து இப்படி ஒரு தொட்டி வைக்கலாமா?

பதில்: கூடாது. இந்தியாவில் 2001 முதல் கடினப் பவளங்கள் எல்லாமும், கடல்விசிறியும், கறுப்புப் பவளமும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. எடுத்தாலும் வைத்திருந்தாலும் மூன்று முதல் ஏழு வருடம் சிறை. சட்டத்தை விடுங்கள், உங்கள் ஊர்க் கடலை நினைத்துப் பாருங்கள். வீடு கட்டவும் சுண்ணாம்புக்கும் முருகைக்கல்லை (பவளக்கல்லை) வெட்டி வெட்டி எடுத்ததில், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குச்சள்ளியும் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. குருசடைத் தீவுப் பக்கம், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற கடற்பாசி பரவி உயிருள்ள பவளத்தை மூடியது. அங்கே மிச்சமிருப்பதில் ஒரு விரல்கடை கூட எடுக்கக் கூடாது.

உங்களுக்குக் கடல்தொட்டி ஆசை இருந்தால் பவளம் இல்லாமல் வையுங்கள். கோமாளி மீனைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்துக் குஞ்சு வளர்க்கும் முறை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் குஞ்சுப் பண்ணையில் நடக்கிறது. அப்படிப் பண்ணையில் பிறந்த ஒரு ஜோடி வாங்குங்கள். கடல் கல்லுக்குப் பதிலாகச் சுட்ட மண் ஓட்டையோ பீங்கான் கல்லையோ அடுக்குங்கள். நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் அதிலும் குடியேறும், ஆறேழு வாரம் பிடிக்கும். ஒன்று மட்டும் கவனம்: குளத்தில் வளர்கிற சக்கர் மீனை, கடையில் டேங்க் கிளீனர் என்று கொடுப்பார்களே, அதைப் பாசிக்கென்று உப்புத் தண்ணீரில் விட்டுவிடாதீர்கள். அது நன்னீர் மீன், உப்பில் தாங்காது.