ஜெபிக்க வாய் வராத நாட்களில்

கேள்வி: என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. முழங்கால் போட்டால் அழுகைதான் வருகிறது, ஜெபம் வரவில்லை. "விசுவாசம் இருந்தால் டயாலிசிஸை நிறுத்திவிட்டு உபவாசம் இருங்கள்" என்கிறார் ஜெபக்குழுவில் ஒருவர். எனக்கு விசுவாசம் குறைவா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: சகோதரி, டயாலிசிஸை ஒரு முறைகூடத் தள்ளிப்போடாதீர்கள். நீர் வெளியேறாமல் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். பொட்டாசியம் ஏறினால் இதயம் திடீரென நின்றுவிடலாம். அவருக்கு உபவாசமும் வேண்டாம். இன்சுலின் போடுபவராக இருந்தால் அது இன்னும் ஆபத்து.

எசேக்கியா ராஜாவுக்கு 15 ஆண்டு ஆயுசைக் கூட்டிக் கொடுத்த கர்த்தரின் வார்த்தையோடு வந்த அதே ஏசாயா தீர்க்கதரிசிதான், ராஜாவின் பிளவைக் கட்டியின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னார். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை வியாதிப்பட்டவனாக மிலேத்துவில் விட்டுவந்ததாகப் பவுல் எழுதுகிறார். அவன் விசுவாசத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. சபை மூப்பரை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லுங்கள், யாக்கோபு நிருபம் 5-ம் அதிகாரம் சொல்வது அது. அந்த அதிகாரத்தில் எங்கும் வைத்தியத்தை நிறுத்தச் சொல்லவில்லை.

ஜெபத்துக்கு வருவோம். 13-ம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்தில் தாவீது நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறான். அங்கே நிறுத்தி உங்கள் "எதுவரைக்கும்"களைச் சொல்லுங்கள்: இந்தக் கடன் எதுவரைக்கும், இந்த ஊசி எதுவரைக்கும். 3, 4 வசனங்கள் விண்ணப்பம்; இன்றைக்குத் தேவையான ஒன்றை மட்டும் கேளுங்கள். கடைசி இரண்டு வசனம் நம்பிக்கையும் துதியும். மனம் வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், தவறில்லை. 88-ம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. ஆனாலும் அது "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது. அப்படிக் கூப்பிட்டு அழுகிறவளுக்கு விசுவாசம் இல்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

பலர் தடுமாறுவது இன்னோர் இடத்தில். துக்க வேகத்தில் "தினமும் விடியற்காலம் ஒரு மணி நேரம்" என்று பொருத்தனை (கர்த்தருக்கு வாக்குறுதி) செய்துவிடுவார்கள். இரவெல்லாம் நோயாளியோடு விழித்தவர்களுக்கு அது ஒரு வாரம்கூடத் தாங்காது. பிறகு குற்றவுணர்வில் வேதத்தையே திறக்க மாட்டார்கள். மெஷின் ஓடும் நான்கு மணி நேரத்தில் பத்து நிமிடம் போதும். மீதி நேரம் சாப்பிடுங்கள், கண் அயருங்கள். சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது சுட்ட அடையும் தண்ணீரும். அவன் மறுபடி தூங்கினான், தூதன் மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். ஓரேப் மலையில் கர்த்தர் அவனோடு பேசியதெல்லாம் அதற்கப்புறம்.

கேள்வி: இப்படிப்பட்ட வீட்டுக்குப் போனால் என்ன சொல்வது?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: குறைவாகப் பேசுங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் செய்தார்கள். காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கர்த்தரின் கோபத்துக்கு ஆளானார்கள். "என்ன பாவமோ" என்ற பேச்சை யோவான் 9:3-ல் இயேசுவே தள்ளிவிட்டார். இருபது நிமிடம் இருந்து, ஒரு சங்கீதம் வாசித்து, சுருக்கமாக ஜெபியுங்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு இளநீர், வாழைப்பழம் கொண்டுபோகாதீர்கள்; இரண்டிலும் பொட்டாசியம் அதிகம். தண்ணீரும் அவர்களுக்கு அளவுதான், ஜெபித்துக் கொடுக்கும் தண்ணீரும் அந்தக் கணக்கில் சேரும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்கு நீங்கள் துணைக்குப் போவதாகச் சொல்லுங்கள். நோயாளியைக் கவனிக்கும் அந்த அம்மா வீட்டில் தூங்கட்டும்.