கன்னியாகுமரி போக நாற்பதாயிரம் ரூபாய்க்குக் கேமரா வேண்டுமா?

கேள்வி: கோடை விடுமுறைக்கு ஒன்பது பேர் கன்னியாகுமரி போகிறோம். போன தடவை போனில் எடுத்த படங்களில் முகமெல்லாம் கறுத்துவிட்டது. ஓரத்தில் நின்ற அத்தை இரண்டு மடங்கு பருமனாகத் தெரிகிறார். நாற்பதாயிரத்தில் ஒரு கேமரா வாங்கிவிடலாமா?

பதில்: இந்த இரண்டு குறைக்காக என்றால் வேண்டாம். புதுக் கேமராவிலும் இவை தானாகச் சரியாகிவிடாது.

முகம் கறுப்பது வெயில் முதுகுப் பக்கமிருந்து வருவதால். கரையிலிருந்து பார்த்தால் விவேகானந்தர் பாறையும் வள்ளுவர் சிலையும் தென்கிழக்கில் இருக்கின்றன. காலையில் அவற்றுக்கு முன் ஆட்களை நிறுத்தினால், போன் வானத்தின் வெளிச்சத்துக்கு அளவெடுத்து முகங்களை இருட்டில் விட்டுவிடும். அதே இடத்தில் மாலை நான்கரைக்கு மேல் நின்றால் வெயில் நேராக முகத்தில் விழும். சூரியோதயத்தோடுதான் படம் வேண்டுமா? திரையில் ஒரு முகத்தை அழுத்திப் பிடியுங்கள். பூட்டுக் குறி வந்ததும், பக்கத்தில் தெரியும் சூரியக் குறியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளுங்கள். வானம் வெளிறும், போகட்டும். போனின் பிளாஷை நம்பவேண்டாம். இரண்டு மீட்டர் தாண்டினால் அதற்குத் தெம்பில்லை.

அத்தை பருமனானது, போன் கேமராவில் 0.5 என்று காட்டும் அகல லென்ஸின் வேலை. எல்லோரையும் அடக்க, எடுத்தவர் பின்னால் நகராமல் அதைத் தொட்டிருப்பார். அகல லென்ஸ் ஓரத்தில் இருப்பவர்களைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். பெரியவர்களை உட்காரவைத்து, மற்றவர்களைப் பின்வரிசையில் நிறுத்தி, நாலைந்து மீட்டர் தள்ளிப்போய் 1 எக்ஸில் எடுங்கள். இன்னும் பின்னால் போக இடமிருந்தால் 2 எக்ஸ். ஆட்கள் அதே அளவில் இருக்க, பின்னால் நிற்கும் சிலை பெரிதாகத் தெரியும். 0.5இல் அந்த 133 அடிச் சிலை தீக்குச்சி மாதிரி ஆகிவிடும்.

ஒன்பது பேரில் யாராவது ஒருவர் கண்ணை மூடியே தீருவார். ஆறேழு படம் தொடர்ச்சியாக எடுத்து, நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். எடுப்பவரும் படத்தில் வர வேண்டுமென்றால் ஒரு டிரைபாடு (மூன்று கால் ஸ்டாண்டு) வாங்கலாம். போன் பிடிப்பான் உறுதியாக இருக்கிறதா, காலை நீட்டினால் ஆடுகிறதா என்று கடையிலேயே பாருங்கள். கடற்காற்றுக்கு மெலிந்த கால் நிற்காது. நடுத்தண்டில் தண்ணீர் பாட்டில் பையைத் தொங்கவிடுங்கள். டைமரை 10 வினாடிக்கு வையுங்கள்.

கரையில் லென்ஸில் உப்புப் படியும், படம் மங்கும். முந்தானையால் வறட்டுத் துடைப்பு வேண்டாம், கீறல் விழலாம். ஈரத் துணியால் ஒற்றிவிட்டு, பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்.

ஓடும் பிள்ளைகளையும் தூரத்துப் படகுகளையும் அடிக்கடி எடுப்பவர் என்றால் கேமராவுக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு. அப்போதும் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே வாங்கிப் பழகுங்கள். கம்பெனியின் இந்திய வாரண்டி, ஜிஎஸ்டி பில் இரண்டும் இல்லாமல் 'இம்போர்ட்டட்' என்று மலிவாகத் தருவதைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஆன்லைனில் 512 ஜிபி மெமரி கார்டு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே?

பதில்: அந்த விலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் போலி. உள்ளே உதாரணமாக 32 ஜிபிதான் இருக்கும், 512 என்று காட்டும்படி மாற்றியிருப்பார்கள். 32 நிறையும்வரை ஒழுங்காக ஓடும். அதன்பின் எடுத்த படங்கள் திறக்காது, அல்லது பழையவை அழியும். கார்டு கைக்கு வந்ததும் கணினியில் போட்டு எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) போன்ற இலவசச் செயலியால் முழுக் கொள்ளளவுக்கும் எழுதிப் படித்துப் பாருங்கள். பெரிய கார்டுக்குச் சில மணி நேரம் ஆகும். திருப்பித் தரும் கெடுவுக்குள் இதை முடித்துவிடுங்கள். விற்றவர் பணம் தர மறுத்தால் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள்.