வயிற்றில் புளி கரைவதும் வயிற்றைப் பிரட்டுவதும்

பள்ளிக்கூட டூர் சீசன் வந்துவிட்டதை எனக்கு வரும் கடிதங்களே சொல்லிவிடும். இந்த மாதம் வந்தவற்றில் பாதி ராட்டினத்தையும் வாந்தியையும் பற்றித்தான். ஒவ்வொன்றாகப் பதில் சொல்லி மாளாது, மொத்தமாக இங்கேயே முடித்துவிடுகிறேன்.

என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். திருவனந்தபுரத்துக்கு பஸ்ஸில் போனாலே பாறசாலை தாண்டுவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்துவிடுவான். போன வருஷம் ஊர்த் திருவிழாவில் டோரா டோரா ராட்டினத்தில் ஏறி, இறங்கிய இடத்திலேயே எடுத்துவிட்டான். அதிலிருந்து கூடப் படிக்கிற பிள்ளைகள் "பயந்தாங்கொள்ளி" என்று கேலி செய்கிறார்கள். ஜனவரியில் கொச்சிக்கு தீம் பார்க் டூர் போகிறார்களாம். அனுப்பலாமா டாக்டர்?
*- ஓர் அம்மா, தக்கலை*

அனுப்புங்கள் அம்மா. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்கு "வீகாலேண்ட் போனோம்" என்பதுதான் பள்ளிக்கூட நினைவிலேயே பெரிசு (2000-இல் அந்தப் பெயரில் திறந்த பார்க்தான் இப்போது வொண்டர்லா, ஆனால் இங்கே பலருக்கு இன்னும் பழைய பெயர்தான் வாயில் வருகிறது). வாந்திக்காக அதை உங்கள் பையன் இழக்க வேண்டியதில்லை.

முதலில் அந்தப் பயந்தாங்கொள்ளிப் பட்டத்தைக் கழற்றுவோம். பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும், நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், ராட்டினம் நின்ற ஐந்தாவது நிமிஷம் எல்லாம் போய் "இன்னொரு ரவுண்டு" என்று பிள்ளை ஓடும். வயிற்றைப் பிரட்டுவது வேறு சங்கதி. அது கொட்டாவியில் ஆரம்பிக்கும், வாயில் உமிழ்நீர் ஊறும், முகம் வெளுக்கும், ஜில்லென்று வியர்க்கும், அப்புறம் ஓக்காளம், சர்தி. ராட்டினம் நின்ற பிறகும் அரை மணி, ஒரு மணி நேரம் விடாது. பயமே இல்லாத பிள்ளைக்கு இது வரும், பயந்து நடுங்குகிற பிள்ளைக்கு வராமலும் போகும்.

காரணம் காதுக்குள் இருக்கிறது. சத்தம் கேட்கிற பாகத்தை ஒட்டியே மூன்று அரைவட்டக் குழல்கள் உண்டு, உள்ளே திரவம். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் திரவம் அசைந்து மூளைக்குச் சொல்லும். பக்கத்தில் பொடிப்பொடியான சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த இரண்டு சிறு பைகள். எது மேலே எது கீழே, வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பது அவற்றின் பொறுப்பு. பஸ்ஸில் குனிந்து போன் பார்க்கிற பையனுக்குக் கண் "நாம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது, காது "இல்லை, வளைவில் திரும்பிக்கொண்டிருக்கிறோம்" என்கிறது. மூளை யாரை நம்பும்? இந்தக் குழப்பம்தான் வியாதியே. அதற்கு ஏன் வாந்தி எடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். மிஷெல் டிரீஸ்மன் என்ற உளவியல் ஆராய்ச்சியாளர் 1977-இல் ஒரு விளக்கம் சொன்னார். கண்ணும் காதும் இப்படி முரண்படுவது இயற்கையில் விஷம் தின்றால்தான் நடக்கும், அதனால் மூளை "எதையோ தின்றுவிட்டான், வெளியே தள்ளு" என்று உத்தரவு போடுகிறது என்றார். எல்லாரும் ஒத்துக்கொண்ட முடிவு அல்ல, ஆனால் எனக்குப் பிடித்த விளக்கம்.

கேலி செய்கிற பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதையும் தருகிறேன். 1950-களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் விண்வெளிப் பயணத்துக்கு முன்னோட்டமாக, கல்லாடெட் கல்லூரியிலிருந்து காது கேளாத 11 பேரைத் தேர்ந்தெடுத்துச் சோதனைகள் செய்தார்கள். அநேகமாக எல்லாருக்குமே சிறு வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் உள்காது பழுதாகியிருந்தது. அவர்களை ஒரு தடவை கொந்தளிக்கிற கடலில் கப்பலில் கொண்டுபோனபோது அவர்கள் பாட்டுக்கு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள், சோதிக்க வந்த ஆராய்ச்சியாளர்கள் வாந்தி எடுத்து எடுத்து ஓய்ந்து சோதனையையே நிறுத்திவிட்டார்கள். ஆக, உங்கள் பையனுக்குப் பிரட்டுகிறது என்றால் அவன் உள்காது ஒழுங்காக வேலை செய்கிறது. இரண்டு வயதுக்குள் இது அபூர்வம், ஆறு முதல் பன்னிரண்டு வரை உச்சம், அப்புறம் மெல்லக் குறையும். அவன் இப்போது உச்சத்தில் நிற்கிறான், அவ்வளவுதான்.

இனி டூர். வண்டியில் முன்பக்கத்து ஜன்னல் சீட் வேண்டும் என்று டீச்சரிடம் முன்னாடியே சொல்லி வையுங்கள், போன் வேண்டாம், தூரத்து ரோட்டைப் பார்க்கட்டும், ராத்திரிப் பயணம் என்றால் தூங்கிவிடட்டும். காலையில் வெறும் வயிறும் கூடாது, பொரோட்டாவும் கூடாது. மூன்று இட்லி, இல்லையென்றால் இரண்டு மட்டிப்பழம் போதும். பார்க்குக்குள் போனதும் எதில் ஏறுவது என்பதில்தான் சூட்சுமம். பார்க்கப் பயங்கரமாக இருப்பதெல்லாம் பிரட்டாது. செங்குத்தாகத் தூக்கிக் கீழே போடுவது புளி கரைக்கிற சாதி, ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். வம்பு, சின்னப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருக்கிற சுழல்கிறவைதான்: டீ கப், பிரேக் டான்ஸ், டோரா டோரா. கொலம்பஸ் என்கிற ஆடுகிற கப்பலும் அப்படித்தான். ஐந்து விநாடிக்கு ஒரு தரம் என்கிற மாதிரி மெதுவாக மேலும் கீழும் போகிற ஆட்டம்தான் மனிதனை அதிகம் பிரட்டும் என்று அளந்தே வைத்திருக்கிறார்கள். பெரிய கொலம்பஸ் அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை.

சுழல்கிறவற்றைக் கடைசிக்குத் தள்ளட்டும், இல்லை விட்டே விடட்டும். ஒன்றிலிருந்து இறங்கி உடனே அடுத்ததற்கு ஓடக் கூடாது, ஏனென்றால் பிரட்டல் சேர்ந்துகொண்டே போகும், மூன்றாவதில் இருக்கிறவன் முதலாவதின் பாக்கியையும் சேர்த்துக் கட்டுவான். முதல் கொட்டாவி வந்ததுமே நிறுத்திவிட வேண்டும், இதை அவனிடம் நீங்களே சொல்லுங்கள், பிள்ளைகள் கூட்டத்தில் நிறுத்தத் தெரியாது. பையில் நாலு கவர், ஒரு மாற்றுச் சட்டை.

நான் கடல் தொழில் செய்கிறவன். பத்துப் பதினைந்து நாள் ஆழ்கடலில் கிடந்தாலும் ஒரு தலைசுற்றல் கிடையாது. போன மாதம் மகளைக் கூட்டிக்கொண்டு டீ கப்பில் ஏறினேன், இறங்கும்போது எனக்கு நிற்க முடியவில்லை. மனைவி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். எனக்கு ஏதாவது கோளாறா?
*- குளச்சல் வாசகர்*

அண்ணே, ஒரு கோளாறும் இல்லை. உங்கள் மூளை கடலுக்குப் பழகியிருக்கிறது, டீ கப்புக்குப் பழகவில்லை. இந்தப் பழக்கம் அந்தந்த ஆட்டத்துக்கு மட்டும்தான். அலையில் போட் எப்படி ஏறும், எப்படிச் சரியும் என்று உங்கள் உடம்பு முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கும், வண்டி ஓட்டுகிறவனுக்கு வாந்தி வராததும் இதே கணக்கால்தான். தட்டும் சுற்றி அதன் மேல் கப்பும் சுற்றும்போது அந்தக் கணக்கு செல்லாது. அது போதாதென்று, "மகளே பயமா இருக்கா" என்று திரும்பித் திரும்பிப் பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். உடம்பு ஒரு பக்கம் சுழல்கிறபோது தலையை வேறு பக்கம் சாய்த்தால் மூன்று குழலும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு கதை சொல்லும். ஆரோக்கியமான ஆளை வாந்தி எடுக்க வைக்க ஆராய்ச்சிக்கூடத்திலேயே இந்த வழியைத்தான் கையாளுகிறார்கள்.

எல்லாருக்கும் கடல் பழகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். சார்லஸ் டார்வின் 1831-இலிருந்து 1836 வரை பீகிள் கப்பலில் சுற்றினார், கடைசி வரை அவருக்குக் கடல் பிடிபடவே இல்லை. மனைவியிடம் சொல்லுங்கள்.

ஏறினால் கண்ணை மூட வேண்டுமா, திறக்க வேண்டுமா? எந்த சீட் நல்லது?
*- கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்*

ஏறுவது எதில் என்பதைப் பொறுத்தது தம்பி. ரோலர் கோஸ்டரில் கண்ணைத் திறந்து தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும், முன் சீட்டுதான் நல்லது, வளைவு வருவது முன்னாடியே தெரியும், பின் சீட்டில் இழுப்பும் உதறலும் அதிகம். சுழல்கிறதில் வெளியே ஓடுகிற கூட்டத்தைப் பார்க்காமல் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பாருங்கள், முடியவில்லை என்றால் மூடிக்கொள்ளுங்கள். கொலம்பஸில் நடு வரிசை, ஓரத்து வரிசைதான் ரொம்ப உயரம் போகும். சீட் ஆட, திரையில் படம் ஓடுகிற 7டி தியேட்டரில் கண்ணை மூடினால் பாதி வேதனை அந்த நொடியே தீரும், காசும் வீண்தான். எதில் ஏறினாலும் தலையைப் பின்னால் சாய்த்து ஒட்டவைத்துக்கொள்ளுங்கள். செல்ஃபி எடுக்கத் தலையைத் திருப்பினால் என்ன ஆகும் என்று மேலே குளச்சல் அண்ணனுக்கு எழுதியிருக்கிறேன்.

நின்றதும் எழுந்திருக்காதீர்கள். செம்பில் மோரைச் சுற்றிவிட்டுச் செம்பை நிறுத்தினாலும் மோர் சுற்றிக்கொண்டே இருக்கும் இல்லையா, காதுக்குள்ளும் அதேதான். அரை நிமிஷம் உட்கார்ந்துவிட்டு இறங்குங்கள்.

பீர் குடித்துவிட்டு ஏறினால் பயம் போகும் என்கிறார்களே?
*- பெயர் வேண்டாம், களியக்காவிளை*

பயம் போகும், பீரும் போகும், பக்கத்து சீட்டுக்காரர் சட்டையும் போகும்.

வாந்தி வந்த பிறகு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டேன், பிரயோஜனமே இல்லை. எந்த மாத்திரை நல்லது? இஞ்சி, எலுமிச்சம்பழம் இதெல்லாம் கேட்குமா?
*- நாகர்கோவில் வாசகி*

மாத்திரையில் குறை இல்லை, நேரம்தான் தப்பு. பிரட்டல் ஆரம்பித்துவிட்டால் இரைப்பை வேலையை நிறுத்திவிடும், உள்ளே போன மாத்திரை அப்படியே கிடக்கும், இல்லை திரும்பி வரும். அவோமின், ஸ்டூஜெரான் மாதிரியானவை புறப்படுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். இரண்டும் தூக்கம் வர வைக்கும், ஆகவே வண்டி ஓட்டுகிறவருக்குக் கூடாது. கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு, பார்க்கின்சன் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. அவோமினில் இருக்கும் புரோமெதசின் இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மூச்சையே அடக்கிவிடலாம், கொடுக்கவே கூடாது. பெரிய பிள்ளைகளுக்கும் அளவை எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும், பாதியாக உடைத்துக் கொடுக்கிற வேலை வேண்டாம். காய்ச்சல் வாந்திக்குக் கொடுக்கிற ஓண்டான்செட்ரான் வீட்டில் இருக்கிறது என்று அதை எடுத்துவிடாதீர்கள், இந்த வாந்திக்கு அதை நம்ப முடியாது.

இஞ்சி ஓரளவு உதவும், ஆராய்ச்சிகள் இரண்டு பக்கமும் பேசுகின்றன. இஞ்சி மரப்பா ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்வதில் கெடுதல் இல்லை, ரொம்ப நேரம் சுவைக்கலாம், மனசும் வேறு பக்கம் போகும். எலுமிச்சம்பழம் மோந்தால் டீசல் நாற்றம் தெரியாது, அந்த வகையில் நல்லது. சின்ன வயதில் பேச்சிப்பாறை பஸ்ஸில் என் அம்மா எனக்கு சீட்டில் பேப்பரை விரித்து அதன் மேல் உட்கார வைப்பார்கள். வாந்தி நிற்கவில்லை, ஆனால் துடைக்க பேப்பர் கையிலேயே இருந்தது.

எனக்கு வயது 62, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். பேரப்பிள்ளைகள் இழுத்தார்கள் என்று ஒரு ராட்டினத்தில் ஏறினேன், ஆட்டம் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது. பத்து நாளாகப் படுக்கையில் வலது பக்கம் புரண்டால் வீடே சுற்றுகிறது, கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. வாந்தி மாத்திரை சாப்பிட்டும் போகவில்லை.
*- பூதப்பாண்டி வாசகி*

அம்மா, இது ராட்டின வாந்தி கிடையாது, அது பத்து நாள் நிற்காது. புரண்டால் மட்டும் சில விநாடி சுற்றி நிற்கிறது என்றால், முன்னே சொன்ன சுண்ணாம்புத் துகள் கொஞ்சம் உதிர்ந்து குழலுக்குள் போயிருக்க வாய்ப்பு அதிகம். வயதானால் தானாகவும் உதிரும், தலை குலுங்கினாலும் உதிரும். இதற்கு மாத்திரையை விடக் கைவைத்தியம்தான் சரி. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போங்கள், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவு இருக்கிறது. தலையை ஒரு பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, மெதுவாக மறுபக்கம் உருட்டி, எழுப்பி உட்கார வைப்பார்கள், எப்லி முறை என்று பெயர். பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே சரியாகிவிடும். வீடியோ பார்த்து வீட்டில் நீங்களாகச் செய்ய வேண்டாம், எந்தக் காது என்று தெரியாமல் உருட்டிப் பயனில்லை.

இன்னொன்று, இதைப் படிக்கிற எல்லாருக்கும். ராட்டினத்தில் ஏறிய பிறகு விடாத தலைவலி, கழுத்து வலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போவது, ஒன்று இரண்டாகத் தெரிவது, இதில் எது வந்தாலும் இந்த மாதிரி கேள்வி பதில் பகுதிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இருதய நோய், கட்டுக்குள் வராத பிரஷர், கழுத்து எலும்புத் தேய்மானம், சமீபத்தில் ஆபரேஷன், கர்ப்பம் இருந்தால் கீழே நின்று பையைப் பிடித்துக்கொள்ளுங்கள், யாராவது ஒருவர் பிடிக்கத்தானே வேண்டும்.

சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில் போய்விட்டு வந்தேன். கப்பலில் ஒன்றும் செய்யவில்லை. ஊருக்கு வந்து மூன்று நாளாகியும் நின்றால் தரை ஆடுகிறது, குளியலறையில் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.
*- திங்கள்சந்தை வாசகர்*

கப்பல் ஆட்டத்துக்குப் பழகிய மூளை, தரைக்கு வந்த பிறகும் ஆட்டத்தைச் சமாளித்துக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரு மாதம் தாண்டினால் காது டாக்டரையோ நரம்பு டாக்டரையோ பாருங்கள். அதுவரை நிறைய நடங்கள், படுத்தே கிடக்காதீர்கள். யாராவது ஸ்கூட்டர் ஓட்டப் பின்னால் உட்கார்ந்து போகும்போது மட்டும் அந்த ஆட்டம் தெரியாமல் இருந்து, இறங்கியதும் திரும்பி வருகிறதா என்று பாருங்கள், வந்தால் இதுவேதான்.