சேர்ந்து போடும் விவாகரத்து மனுவில் எதை எழுத வேண்டும், எதை விட்டுவிடலாம்?

கேள்வி: நானும் என் கணவரும் பேசி முடிவெடுத்து, மியூச்சுவல் கன்சென்ட் முறையில் பிரியப்போகிறோம். ஒன்றரை வருடமாகத் தனித்தனியாகத்தான் இருக்கிறோம். 6 வயதில் ஒரு மகள். வக்கீல் ஆபீசில் தயாரித்துக் கொடுத்த மனுவைப் படித்துப் பதறிவிட்டேன். குழந்தைக்காக நான் எடுத்துக்கொண்ட சிகிச்சை, அவர் மனநல மருத்துவரைப் பார்த்தது, இரண்டு பேரின் சம்பளம், வங்கிக் கணக்கு எண், ஆதார் எண், மகள் படிக்கும் பள்ளி எல்லாமே அதில் இருக்கிறது. கோர்ட்டில் போட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பெரியப்பா வேறு பயமுறுத்துகிறார். என்ன செய்வது? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: முதலில், இன்னும் கையெழுத்துப் போடவில்லைதானே? அப்படியென்றால் பாதிக் கவலை இப்போதே தீர்ந்தது, ஏனென்றால் நீங்கள் சொன்னதில் பெரும்பகுதி மனுவில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவு, சேர்ந்து மனு போடுகிறவர்களிடம் மூன்று விஷயங்களைத்தான் எதிர்பார்க்கிறது: ஒரு வருடமோ அதற்கு மேலோ பிரிந்து வாழ்கிறோம், சேர்ந்து வாழ முடியவில்லை, பிரிந்துவிடலாம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். ஏன் முடியவில்லை என்று விளக்கச் சொல்லவில்லை. யார் தப்பு என்று நிரூபிக்க வேண்டிய மனுவில்தான் அந்தக் கதையெல்லாம் வரும், பல ஆபீஸ்களில் அந்தப் பழைய மனுவையே எடுத்துத் திருத்தி மியூச்சுவல் மனுவாக்கிவிடுகிறார்கள், அதனால்தான் உங்கள் சிகிச்சையும் அவருடைய சிகிச்சையும் அதற்குள் நுழைந்திருக்கும் என்று நினைக்கிறேன். 'கருத்து வேறுபாடு காரணமாகப் பிரிந்து வாழ்கிறோம்' என்ற ஒரு வரி போதும். மருத்துவம் பற்றிய பத்திகளை எடுத்துவிடச் சொல்லுங்கள், தயங்கவே வேண்டாம். அது உங்கள் மனு, அதில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை உங்கள் இருவருக்கும் உண்டு.

சம்பளமும் அப்படித்தான். ஜீவனாம்சம் கேட்டு வழக்காடும்போது சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் ரஜ்னேஷ் வழக்கில் சொன்னது. நீங்கள் இருவரும் தொகையைப் பேசி முடித்துவிட்டால், பேசிய தொகையும் எப்போது எப்படிக் கொடுப்பது என்பதும் இருந்தால் போதும். டிமாண்ட் டிராஃப்டாக வாங்கினால் அதன் எண்ணையும் தேதியையும் எழுதலாம், கணக்கு எண்ணே வராது. மாதாமாதம் மகளுக்குப் பணம் போட வேண்டும் என்றால் வங்கிப் பெயரும் கணக்கின் கடைசி 4 இலக்கமும் எழுதிவிட்டு, முழு எண்ணை நீங்கள் இருவரும் தனியாகப் பரிமாறிக்கொள்ளுங்கள். ஆதார் எண்ணை மனுவின் உடம்பில் எழுதவே வேண்டாம். அடையாளத்துக்கு நகல் கேட்டால், முதல் 8 இலக்கம் மறைத்த ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே இறக்கிக் கொடுக்கலாம், அசலை நேரில் காட்டலாம்.

மகள் விஷயத்தில் நான் இன்னும் கறாராக இருப்பேன். அவள் பெயர், வயது, யாரிடம் வளர்வாள், அப்பா எப்போது பார்ப்பார், செலவு யாருடையது, இவ்வளவு இருக்க வேண்டும். பள்ளியின் பெயர், வகுப்பு, டியூஷன் நேரம் எதற்கு? பள்ளிக் கட்டணத்தை அப்பா கட்டுவார் என்றால் 'அவள் படிக்கும் பள்ளியின் கட்டணம்' என்று எழுதினாலே போதுமே, பள்ளி மாறினாலும் அந்த வாசகம் நிற்கும்.

ஒன்றை மட்டும் மறைத்துவிடாதீர்கள். உங்களுக்குள் ஏற்கெனவே குடும்ப வன்முறை வழக்கோ ஜீவனாம்ச வழக்கோ இருந்தால் அதைச் சொல்லியே ஆக வேண்டும். வழக்கு எண்ணும் கோர்ட் பெயரும் போதும், அதில் இருந்த குற்றச்சாட்டுகளை இங்கே கொட்ட வேண்டியதில்லை.

இனி பெரியப்பா சொன்னதற்கு வருகிறேன். இந்தச் சட்டத்தின் 22ஆவது பிரிவுப்படி விசாரணையே மூடிய அறையில்தான் நடக்க வேண்டும், வழக்கு விவரங்களை யாரும் அச்சிடவோ வெளியிடவோ கூடாது. சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தவர்களுக்கு 33ஆவது பிரிவு இதையே சொல்கிறது. கிறிஸ்தவத் தம்பதிகளும் கவலைப்பட வேண்டாம்: குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 11ஆவது பிரிவுப்படி இருவரில் ஒருவர் கேட்டாலே மூடிய அறை விசாரணை தந்தாக வேண்டும். ஆனால் 22ஐ மீறி வெளியிட்டால் அபராதம் 1,000 ரூபாய் வரைதான். அவ்வளவு சின்னத் தொகையை நம்பி என் கட்சிக்காரரின் மருத்துவ விவரத்தை மனுவில் எழுத எனக்கு மனசு வராது.

என் அனுபவத்தில் கோர்ட்டுக்குள்ளிருந்து வெளியே போனதைவிட, கோர்ட்டுக்குப் போகும் வழியில் வெளியே போனதுதான் அதிகம். ஒரு பெண்ணின் மனு, தாக்கல் ஆவதற்கு முன்னாலேயே அவர் நாத்தனாரின் வாட்ஸப் குழுவில் சுற்றியது. 'சரியா இருக்கான்னு பாரு' என்று கணவர் தன் அண்ணனுக்கு அனுப்பியதுதான் ஆரம்பம், அந்தப் பெண் என் எதிரே உட்கார்ந்து அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. அதனால் வரைவைப் பேப்பரில் வாங்கிப் படியுங்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள், பென் டிரைவைக் கடையில் விட்டு வராதீர்கள், கோப்பைக் கடைக்கு மெயிலில் அனுப்பியிருந்தால் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இ-கோர்ட்ஸ் தளத்தில் என் பெயர் வருமா? தீர்ப்பு நெட்டில் வந்துவிட்டால் எடுக்க முடியுமா? (வாசகர், திருச்சி)

பதில்: பெயரைப் போட்டுத் தேடுகிறவருக்கு வழக்கு எண்ணும் வாய்தா தேதியும் தெரிய வாய்ப்பு உண்டு. மனுவும் ஆவணங்களும் அங்கே வராது. அதிகம் கவனிக்க வேண்டியது, வழக்கு மேல்முறையீடாக உயர் நீதிமன்றம் போகும்போதுதான், அங்கே தீர்ப்புகள் இணையத்தில் ஏறும், தனியார் தளங்களும் எடுத்துப் போடும், கூகுளில் உங்கள் பெயரைத் தட்டினால் முதல் பக்கத்திலேயே வந்து நிற்கும். குடும்ப வழக்குகளில் தரப்பினர் கேட்டால் அவர்களின் அடையாள விவரங்களை இணையத்தில் போடக்கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அது தமிழ்நாட்டு கோர்ட்டுகளைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் எடுத்துக்காட்டலாம், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்போடு சேர்த்துக் காட்டினால் இன்னும் பலம். வந்த பிறகு எடுப்பது பெரிய அலைச்சல். வழக்கு நடக்கும்போதே, பெயருக்குப் பதில் முதலெழுத்துகளைப் போடச் சொல்லி ஒரு இடைக்கால மனு கொடுத்துவிடச் சொல்லுங்கள், வக்கீலுக்கு அரை மணி நேர வேலைதான்.