அமெரிக்காவில் சொந்த டவுன்ஹவுஸில் டிஷ் ஆன்டெனா மாட்ட எச்ஓஏவிடமும் நகராட்சியிடமும் அனுமதி வாங்க வேண்டுமா?

டவுன்ஹவுஸ் (பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய வரிசை வீடு) வாங்கி இரண்டு மாதம் ஆகிறது, சனிக்கிழமை டிஷ் மாட்ட ஆள் வருகிறார், அதற்குள் "கமிட்டி அனுமதி இல்லாமல் வெளியே எதையும் மாட்டக்கூடாது" என்று எச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம், மின்னஞ்சல் அனுப்பிவிட்டது, நகராட்சியின் சோனிங் (நிலப் பயன்பாட்டு) விதிகளிலும் ஆன்டெனாவுக்குப் பர்மிட் வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது, யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். ஆனால் அந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லில் நானே ஒருமுறை வழுக்கி விழுந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்களுக்கு உதவப்போகும் விதி நகராட்சி புத்தகத்திலும் இல்லை, எச்ஓஏ பத்திரத்திலும் இல்லை. அது எஃப்சிசி என்கிற மத்திய தகவல்தொடர்பு ஆணையத்தின் விதி. ஓடார்ட் என்று சுருக்கிச் சொல்வார்கள். 1996ல் வந்த தொலைத்தொடர்புச் சட்டத்தின் 207ஆம் பிரிவு சொன்னபடி, அதே ஆண்டு அக்டோபரில் அமலுக்கு வந்தது. ஒரு மீட்டர், அதாவது 39.37 அங்குலம், அல்லது அதற்குக் குறைவான டிஷ்ஷை உங்களுக்கு மட்டும் உரிய இடத்தில் வைத்தால், அதை நகராட்சியோ எச்ஓஏவோ வீட்டு ஓனரோ தடுக்கக்கூடாது. வட்டமாக இல்லாத டிஷ் என்றால் மூலைக்கு மூலை அளக்க வேண்டும். அலாஸ்காவில் மட்டும் அளவுக் கட்டுப்பாடு இல்லை. அங்கே செயற்கைக்கோள்கள் அடிவானத்தை ஒட்டித் தெரிவதால் பெரிய தட்டு தேவைப்படும்.

"தடுப்பது" என்றால் நேரடியாக வேண்டாம் என்று சொல்வது மட்டும் இல்லை. நியாயமில்லாமல் தாமதப்படுத்துவது, செலவை ஏற்றுவது, சரியான சிக்னல் கிடைக்காத இடத்தில்தான் வைக்க வேண்டும் என்பது, மூன்றுமே தடுப்பதுதான். முன் அனுமதி விண்ணப்பம், அதற்கு ஒரு கட்டணம், முப்பது நாள் பரிசீலனை, இதெல்லாம் முதல் இரண்டு வகையில் அடங்கிவிடும். "முடிந்தால் பின்பக்கம் வையுங்கள்" என்று அவர்கள் சொல்லலாம். அங்கேயும் சிக்னல் நன்றாகக் கிடைத்து, செலவும் அதிகமாகாது என்றால் நீங்கள் அதற்கு உடன்படத்தான் வேண்டும். சுவர் நிறத்துக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்வதும் அப்படியே: சிக்னல் கெடாமல், வாரன்ட்டி போகாமல் இருந்தால் சரி.

இனி நான் வழுக்கிய கதை.

முதலில் வாடகை அபார்ட்மென்ட்டில் இருந்தோம். ஊரிலிருந்து அம்மா ஆறு மாதம் தங்க வந்திருந்தார். மாலையில் சீரியல் இல்லாவிட்டால் வீடே இருண்டுவிடும். பால்கனியில் டிஷ் வைக்கிறேன் என்றதும், லீஸில் தடை இருக்கிறது என்றார் மேனேஜர். 1999ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வாடகைக்கு இருப்பவர்களுக்கும் இந்த விதி பொருந்தும் என்று அச்சடித்த தாளை நீட்டினேன். கட்டட உரிமையாளர்கள் அந்தத் திருத்தத்தை எதிர்த்து வழக்குப் போட்டு, 2001ல் வாஷிங்டனில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் இரண்டே நிபந்தனை சொன்னார்: கம்பிக்கு வெளியே நீட்டக்கூடாது, வெளிச்சுவரில் துளை போடக்கூடாது. இரண்டும் நியாயம்தான். பால்கனிக்கு வெளியே உள்ள காற்று என் வாடகையில் சேர்த்தி இல்லை. துளை போட்டால் கட்டடம் சேதமாகும், அதை ஓனர் தடுக்கலாம். பக்கெட்டில் கான்கிரீட் ஊற்றி, அதில் கம்பம் நட்டு, கதவு இடுக்கில் நுழைகிற தட்டையான கேபிளை இழுத்து வேலையை முடித்தேன்.

அந்த வெற்றியின் தெம்போடு டவுன்ஹவுஸுக்கு வந்தேன். சொந்த வீடு, யார் கேட்பது என்று நினைப்பு. மாட்ட வந்தவர் நேராக ஏணியைச் சாத்தி, கூரை விளிம்பில் நாலு போல்ட் அடித்து, ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிட்டார். பத்து நாளில் எச்ஓஏ கடிதம்: அகற்றாவிட்டால் ஒரு நாளைக்கு 25 டாலர் அபராதம். நானும் விடவில்லை, ஓடார்டை மேற்கோள் காட்டி இரண்டு பக்கம் எழுதினேன். கொஞ்சம் திமிராகவே எழுதினேன் என்று இப்போது படித்தால் தெரிகிறது. பதிலுக்கு அவர்கள் எங்கள் பத்திரத்தின் ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்து அனுப்பினார்கள். கூரையும் வெளிச்சுவரும் "பொது உடைமை" என்று அதில் இருந்தது. கூரையைப் பழுது பார்ப்பதும் மாற்றுவதும் சங்கத்தின் பொறுப்பு. என் தலைக்கு மேலே இருந்தாலும் அது எனக்கு மட்டும் உரியதில்லை. பொது இடத்துக்கு இந்த விதி துணை வராது.

ஆக, சட்டம் அவர்கள் பக்கம். கழற்றினேன். போல்ட் துளைகளை அடைத்த செலவும் என் தலையில்.

டவுன்ஹவுஸ் என்ற பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று இதனால்தான் சொல்கிறேன். சில இடங்களில் நிலம், சுவர், கூரை எல்லாமே உங்களுடையது. அங்கே கூரையில் மாட்டினாலும் கேட்க முடியாது. சில இடங்களில் சட்டப்படி அது காண்டோ, சுவரின் உள்பக்கம் மட்டும்தான் உங்களுடையது. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டுக்குள் "டிக்ளரேஷன்" என்ற ஆவணம் இருக்கும். அதில் கூரை, வெளிச்சுவர், பாட்டியோ (வீட்டை ஒட்டிய திறந்த தளம்), பால்கனி நான்கும் யாருடையவை என்று பாருங்கள். பாட்டியோவைப் பற்றி "பொது உடைமை, ஆனால் இந்த வீட்டுக்காரர் மட்டும் பயன்படுத்தலாம்" என்று எழுதியிருந்தால் அதுவே போதும். உரிமை யார் பெயரில் இருந்தாலும் பயன்பாடு உங்களுக்கு மட்டும் என்றால் விதி பொருந்தும்.

எனக்கு அப்படித்தான் இருந்தது. பின்பக்கப் பாட்டியோவில் முக்காலி வைத்து டிஷ்ஷை நிறுத்தினேன். மறுபடியும் கடிதம்: விண்ணப்பம், 75 டாலர் கட்டணம், கமிட்டிக் கூட்டம். இந்த முறை நாலே வரி எழுதினேன், மரியாதையாக. இடம் எனக்கு மட்டும் உரியது, அளவு ஒரு மீட்டருக்குள், இது பாதுகாப்பு சம்பந்தப்பட்ட தடை என்றால் எழுத்தில் தெரிவியுங்கள். அதன்பிறகு கடிதம் வரவில்லை.

பாதுகாப்பு என்று ஏன் கேட்டேன் என்றால், முக்கியமான விதிவிலக்கு இரண்டு உண்டு. ஒன்று பாதுகாப்பு: தீயணைப்பு ஏணிப்படியில் மாட்டக்கூடாது, மின்கம்பியிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்க வேண்டும், காற்றில் பறக்காதபடி இறுக்க வேண்டும் என்பது போன்றவை. இன்னொன்று வரலாற்றுச் சின்னங்கள்: தேசியப் பதிவேட்டில் உள்ள, அல்லது அதில் சேரத் தகுதி பெற்ற கட்டடங்கள். தெரு அழகு கெடுகிறது என்பது இந்த இரண்டிலும் வராது. விதி நம் பக்கம் இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணும் கண்தான், அதனால் நான் முன்பக்கம் வைக்கவில்லை. அது வேறு விஷயம்.

அவர்கள் விடாப்பிடியாக நின்றால் எஃப்சிசியிடமோ நீதிமன்றத்திலோ மனுப் போடலாம். தடை செல்லும் என்று நிரூபிக்கும் பொறுப்பு தடை போட்டவருக்கே. மனு நிலுவையில் இருக்கும்போது, பாதுகாப்பு, வரலாற்றுச் சின்னம் தவிர மற்றக் காரணங்களுக்காக அபராதம் ஏறக்கூடாது. நீங்கள் தோற்றாலும், உங்கள் வாதம் வெறும் வீம்பு இல்லை என்றால், அகற்றுவதற்குக் குறைந்தது 21 நாள் கிடைக்கும்.

இவை தவிர, இன்னொரு சூழ்நிலையிலும் எச்ஓஏ உங்களைத் தடுக்கலாம்: அவர்களே பொது ஆன்டெனா வைத்து, நீங்கள் கேட்கும் அதே சேவையை, அதே தரத்தில், கூடுதல் செலவு இல்லாமல் உங்கள் வீட்டுக்குத் தரும்போது.

நகராட்சி விஷயத்துக்கு வருகிறேன். அந்த சோனிங் விதி ஏன் இன்னும் புத்தகத்தில் இருக்கிறது? அது பெரும்பாலும் எண்பதுகளில் எழுதப்பட்டது. அன்றைக்கு வீட்டு டிஷ் என்றால் பத்தடி அகலத் தட்டு. 1979ல் ஒரு பிரபல கடையின் கிறிஸ்துமஸ் கேட்டலாக்கில் 36,500 டாலர் விலை போட்டிருந்தார்கள். கொல்லையில் ஒரு சின்ன ரேடார் நிலையம் போல நிற்கும். ஊர்கள் பயந்து, முன்பக்கம் கூடாது, எல்லையிலிருந்து இத்தனை அடி தள்ளி வை, மரம் நட்டு மறை என்று விதி போட்டன. பதினெட்டு அங்குல டிஷ் 1994ல்தான் வீடுகளுக்கு வந்தது. தட்டு சுருங்கியது, புத்தகம் அப்படியே நிற்கிறது. உங்கள் டிஷ் அளவுக்கு அந்த விதி செல்லாது.

ஒரு மீட்டருக்கு மேல் போனால் கதை வேறு. 1986லேயே எஃப்சிசி, டிஷ்ஷை மட்டும் மற்ற ஆன்டெனாக்களிலிருந்து பிரித்துத் தண்டிக்கும் உள்ளூர் விதிகளுக்கு ஓரளவு கடிவாளம் போட்டது. வணிக, தொழில் பகுதிகளில் இரண்டு மீட்டர் வரை சலுகை உண்டு. அது அரசாங்க விதிகளுக்கு எதிராக மட்டுமே உதவும். எச்ஓஏ பெரிய டிஷ் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். குடியிருப்புப் பகுதியில் பத்தடி டிஷ் வைக்க ஆசைப்பட்டால் பில்டிங் பர்மிட், அடித்தளம், எல்லைத் தூரம் எல்லாம் பார்த்தே ஆக வேண்டும். கம்பம் கூரைக்கு மேல் பன்னிரண்டு அடியைத் தாண்டினாலும் பர்மிட் கேட்கலாம், டிஷ் எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.

இணையத்துக்கான டிஷ்ஷும், ஸ்டார்லிங்க் உட்பட, இதே விதியில் வரும். 2001லிருந்து சிக்னலை அனுப்பவும் செய்கிற ஆன்டெனாக்களும் சேர்க்கப்பட்டுவிட்டன. ஹாம் ரேடியோ, அதாவது பொழுதுபோக்கு வானொலிக்காரர்கள் வைக்கும் கம்பத்துக்கு இது பொருந்தாது. என்னிடம் இருவர் கேட்டுவிட்டார்கள், அதனால் சொல்கிறேன்.

இத்தனை உரிமையும் கையில் இருந்து ஒன்றுமே செய்ய முடியாமல் போகவும் வாய்ப்புண்டு. டிவி செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. அமெரிக்காவிலிருந்து அவற்றைப் பார்க்கத் தெற்கே திறந்த வானம் வேண்டும். உங்கள் பாட்டியோ வடக்குப் பார்த்திருந்து, தெற்கே உங்கள் வீடே மறைத்தால், பொதுக் கூரையில் இடம் தரச் சொல்லி எந்த விதியும் கேட்காது. அங்கே எச்ஓஏவிடம் தயவாகப் பேசுவதுதான் வழி. அவர்கள் விரும்பினால் கூரையில் இடம் தரலாம்.

எனவே வெள்ளிக்கிழமைக்குள் டிக்ளரேஷனில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுங்கள், போனில் திசைகாட்டியைத் திறந்து பாட்டியோவில் நின்று தெற்கே பாருங்கள். சனிக்கிழமை வருபவர் பழக்கதோஷத்தில் ஏணியை முன்பக்கக் கூரையில்தான் சாத்துவார். வாசலிலேயே பிடித்துப் பின்பக்கம் கூட்டிப் போய்விடுங்கள்.