பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்

கேள்வி: பிளஸ் டூ படிக்கிறேன். தமிழ்வழி, கணிதம், இயற்பியல் உண்டு. பைலட் ஆக ஆசை. கண்ணாடி போட்டிருக்கிறேன். ‘இந்த மாதமே 5 லட்சம் கட்டினால் சீட் உறுதி’ என்கிறார் ஓர் ஏஜென்ட். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைக்க அப்பா தயார். பெண்பிள்ளைக்கு ராத்திரி வேலை எதற்கு என்கிறார் ஆச்சி. என்ன செய்யட்டும்?
(பெயர் வேண்டாம், கோவில்பட்டி)

பதில்: பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், தாயி. சீட் பறிபோய்விடும் என்று அவசரப்படுத்துகிறவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். பணத்தோடு போனால் சேர்த்துக்கொள்ள விமானப் பயிற்சிப் பள்ளிகள் எப்போதும் இருக்கும்.

நீ முதலில் போக வேண்டியது கண் டாக்டரிடம். கண்ணாடி தடையில்லை, அதைப் போட்டுக்கொண்டு பார்வை தேறினால் போதும். நிறம் பிரித்தறிய முடியாவிட்டால்தான் சிக்கல். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டச் சொல்லிக் கேள். பெண்களுக்கு இந்தக் குறை அபூர்வம், ஆனாலும் பார்த்துவிடு. அப்புறம் விமானத் துறையை மேற்பார்க்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த டாக்டரிடம் கிளாஸ் 2 மருத்துவச் சான்று, அடுத்து கிளாஸ் 1. இந்த கிளாஸ் 1 சான்று இல்லாமல் கமர்ஷியல் லைசென்ஸ், அதாவது சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் உரிமம், கிடையாது. நான் பயிற்சி கொடுத்த நாளில், பாதிக் கட்டணம் கட்டிப் பறந்துகொண்டிருந்த பையன் ஒருவன் கிளாஸ் 1-ல் காது சரியில்லை என்று நின்றுபோனான். பணத்தைத் திருப்பி வாங்க அவன் அப்பா அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

மருத்துவச் சான்று வந்ததும் பரீட்சை. ஏர் நேவிகேஷன் (வழி கண்டறிதல்), மெட்டியராலஜி (வானிலை), ஏர் ரெகுலேஷன்ஸ் (விதிமுறைகள்), டெக்னிக்கல் எல்லாவற்றிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். வீட்டில் இருந்தே படித்து, மையத்துக்குப் போய் எழுதலாம். இவற்றை முடித்துவிட்டுப் பள்ளிக்குப் போகிறவர்கள் காசும் காலமும் மிச்சம் பிடிக்கிறார்கள். தமிழ்வழி என்று தயங்காதே. புத்தகங்கள் ஆங்கிலத்தில்தான், முதல் சில மாதம் முட்டும். ரேடியோவில் பேசுவது நீ நினைப்பதைவிடச் சுலபம், ஏனென்றால் சொற்கள் முன்பே வரையறுத்தவை. மூன்றை ‘ட்ரீ’, ஒன்பதை ‘நைனர்’ என்றுதான் சொல்ல வேண்டும். தரையில் இருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலர் சொன்ன உயரத்தையும் ரன்வே எண்ணையும் அப்படியே திருப்பிச் சொல்லத் தெரிய வேண்டும். அலங்கார ஆங்கிலத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இனிப் பள்ளி. லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதில் 100 மணி நீயே பொறுப்பு விமானியாக. ஒருமுறை 300 நாட்டிகல் மைல், அதாவது சுமார் 555 கி.மீ., வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏறிப் பறந்தாக வேண்டும். இதெல்லாம் ஓராண்டில் முடியும் என்று சொல்லும் பள்ளியில் இரண்டு, மூன்று ஆண்டு இழுப்பதும் உண்டு. விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்தில் பொறுப்பு விமானியாக 15 மணி பறந்திருக்க வேண்டும் என்பது விதி. இழுத்தடித்தால் அந்த மணிகள் காலாவதியாகி மறுபடி செலவு. 2025-ல் டி.ஜி.சி.ஏ. முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிட்டபோது ‘ஏ’ பிரிவில் ஒன்றுகூட வரவில்லை. ஆகவே விளம்பரத்தை நம்பாமல் அப்பாவோடு நேரில் போ. காலை ஆறு மணிக்கு ஹேங்கர் (விமானக் கொட்டகை) பக்கம் நின்று பார். பத்து செஸ்னா பயிற்சி விமானம் இருக்கிறது என்பார்கள். அதில் எத்தனை ரன்வேக்குப் போகிறது, எத்தனை இன்ஜின் மூடியைக் கழற்றிப் போட்டு உதிரி பாகத்துக்குக் காத்திருக்கிறது? ஆபீஸ் ரூமில் கேட்காதே, டீக்கடையில் நிற்கும் மாணவர்களிடம் கேள். போன மாதம் எத்தனை மணி பறந்தாய் என்ற ஒரு கேள்வி போதும்.

செலவு 50 லட்சத்துக்குக் குறையாது. லைசென்ஸ் கையில் வந்தாலும் ஏர்பஸ் 320 போன்ற விமானத்துக்கு டைப் ரேட்டிங், அதாவது அந்த ரகத்தை ஓட்டுவதற்கான தகுதி, தனி, பல லட்சம். நீ தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் பார்க்கும் சிறிய ஏடிஆர் விமானத்துக்கும் அப்படித்தான். அப்பாவிடம் இந்த மொத்தத் தொகையைச் சொல், முன்பணத்தை மட்டும் சொல்லாதே. கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது, ஜெட் ஏர்வேஸ் 2019-ல், கோ ஃபர்ஸ்ட் 2023-ல். ஒவ்வொரு தடவையும் அனுபவமுள்ள விமானிகள் தெருவுக்கு வந்தார்கள். புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள். வங்கித் தவணை யாருக்காகவும் நிற்காது. வேலை கிடைக்க இரண்டு ஆண்டு தாமதமானாலும் வீடு கைவிட்டுப் போகாது என்று கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்து. தொலைதூரக் கல்வியில் ஒரு பட்டமும் சேர்த்துப் படி. இன்னொரு வழி, என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதி விமானப்படைக்குப் போவது. இப்போது பெண்களும் எழுதலாம், பயிற்சிச் செலவு அரசுடையது. ஆனால் கண்ணாடிக்கு அங்கே கெடுபிடி அதிகம், முதலில் விசாரித்துக்கொள்.

ஆச்சிக்கு: இந்திய விமானிகளில் ஏறக்குறைய 15 சதவீதம் பெண்கள். உலகத்தில் எங்கும் இவ்வளவு இல்லை என்றே சொல்லலாம். ராத்திரி வேலை உண்டுதான். வீட்டு வாசலுக்குக் கம்பெனி வண்டி வரும், வெளியூரில் தங்க ஓட்டல் அறையும் அவர்களே தருவார்கள் என்று சொல்லிப் பார். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வீட்டில் இருக்க மாட்டாய் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடு.