டாங்கியை விட்டு இறங்காதவர்

அன்புள்ள ஐயா,

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இறந்த டாங்கி அதிகாரி அருண் கேத்தர்பால் பற்றி ஒரு கட்டுரையில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். டாங்கியை விட்டு இறங்கச் சொன்னது மேலதிகாரியின் உத்தரவு. அதை மீறித்தானே அவர் இறந்தார்? ராணுவத்தில் கீழ்ப்படியாமைக்குப் பரம்வீர் சக்ராவா? இருபத்தொரு வயதுப் பையனின் பிடிவாதத்தை வீரம் என்று ஏற்றிச் சொல்கிறோமோ எனத் தோன்றுகிறது.

கு.

அன்புள்ள கு.,

பிடிவாதம்தான், மறுக்கவில்லை. 1971 ஜூனில் பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படைப்பிரிவில் செகண்ட் லெப்டினன்டாகச் சேர்ந்தவர். போர் மூண்டதும் அகமத்நகரில் பயிற்சியைப் பாதியில் விட்டுக் கிளம்பியபோது, பெட்டியோடு கால்ஃப் மட்டைகளையும் எடுத்துக்கொண்டாராம். லாகூரில் ஆட! அந்த வயது அப்படித்தான் இருக்கும்.

ஆனால் டிசம்பர் 16 அன்று, பசந்தர் ஆற்றுக்கு அப்பால் ஜர்பாலில் இருந்த நிலைமையைப் பாருங்கள். பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் என்ற டாங்கிப் படைப்பிரிவு பேட்டன் டாங்கிகளோடு எதிர்த்தாக்குதலில் இறங்கியிருந்தது. தடுக்க நின்ற நம் மூன்று சென்ச்சூரியன் டாங்கிகளில் ஒன்று அடிபட்டுவிட்டது, இன்னொன்றின் பீரங்கி பழுது. மிச்சம் 'ஃபமகுஸ்தா' என்று பெயரிட்ட அருணின் டாங்கி. அதிலும் தீ. இறங்கச் சொல்லி வயர்லெஸ்ஸில் உத்தரவு வந்தபோது, என் பீரங்கி இன்னும் சுடுகிறது, இறங்க மாட்டேன் என்றார். வயர்லெஸ்ஸையும் அணைத்துவிட்டார். உத்தரவிட்டவர் ஒரு பையனைக் காப்பாற்றப் பார்த்தார், அதில் பிழையில்லை. ஆனால் அவன் விலகினால் அந்த இடத்தில் ஆளில்லை. அன்றைக்குத்தான் டாக்காவில் பாகிஸ்தான் படையின் சரணடைவு. மறுநாள் மேற்கிலும் சண்டை நின்றது.

விருதுப் பத்திரம் நம் ஆட்கள் எழுதுவது, கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். அதைவிட நம்பத்தக்க சாட்சி ஒருவர் இருக்கிறார்.

2001-இல் அருணின் தந்தை பிரிகேடியர் எம்.எல். கேத்தர்பால், 81 வயதில், தன் சொந்த ஊரான சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் அவரைத் தன் வீட்டில் தங்கவைத்து உபசரித்தவர் பிரிகேடியர் குவாஜா முகம்மது நாசர். திரும்புவதற்கு முந்தைய இரவு, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தார். அருண் இறந்தது தன் கையால் என்றார். அன்று எதிரே 13 லான்சர்ஸின் ஒரு டாங்கி அணியை (ஸ்குவாட்ரன்) நடத்தியவர் அவர்தான். அந்த அறையைப் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். சில நாளாக அந்த வீட்டில் உப்பிட்டுச் சாப்பிட்ட கிழவர். கோபப்படவா, அழவா? இவரும் சிப்பாய், அவரும் சிப்பாய். எழுந்து போய்ப் படுத்திருப்பார், தூங்கியிருக்க மாட்டார்.

மறுநாள் இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் அந்தப் படம் டெல்லிக்கு வந்தது. அதன் பின்பக்கம் நாசர் தன் கைப்பட எழுதியிருந்ததன் சாரம் இது: 13 லான்சர்ஸ் எதிர்த்தாக்குதலின் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே, கடக்க முடியாத பாறையாக நின்றவரின் தந்தைக்கு.